உட்கார வைக்கப்பட்ட கப்பல்

அன்று காலை அந்தத் துறைமுகத்தில் போட்டோவுக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவன் ஒரே ஒருவன்தான். டக்டக் அக்காவின் தம்பி, இளம் அதிகாரி. கடைவாய்ப் பல் சொத்தையாகி, யாரோ உள்ளே ஒரு எலுமிச்சம்பழத்தை ஒளித்துவைத்தது போல இடது கன்னம் வீங்கியிருந்தது. கடற்படையின் ஆண்டுப் படம் என்றால் சும்மாவா? மூன்று போர்க்கப்பல்களின் ஆட்களும் வெள்ளை உடுப்பில், உயரவாரியாக, கரையிலிருந்த அணிவகுப்புத் திடலில் நிற்க வேண்டும். பின்னணியில் கப்பல்கள். நட்டநடுவில் கேப்டன். ஒரு வாரமாக அவர் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை, மீசையைத்தான் தயார் செய்துகொண்டிருந்தார். இதை நாமாகச் சொல்லவில்லை. குடியிருப்பு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அவர் மனைவியே சொன்னது.

“இந்தக் கன்னத்தோட என் வரிசையில நிக்காதடா” என்றார் கேப்டன். “நீ கப்பல்லயே இரு. யாராவது கப்பலைப் பாத்துக்கணுமில்ல?”

அவன் கப்பலைப் பார்த்துக்கொண்டான். கொஞ்சம் அதிகமாகவே பார்த்துக்கொண்டான் என்பதுதான் பிற்பாடு வந்த தொல்லை.

மூன்று கப்பல்களும் ஒரே கப்பல் கட்டும் தளத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்டவை. முன்பக்கத்தில் ஆளுக்கொரு கம்பீரமான பெயர் பொறித்திருந்தாலும் துறைமுகத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. மூத்தவள், நடுவுள்ளவள், கடைக்குட்டி. அவ்வளவுதான். கேப்டனும் தம்பியும் மூத்தவளின் ஆட்கள். துறைமுக வாயிலில் அந்நியப் படகு எதுவும் நுழையாதபடி ஓர் இரும்பு வலைக்கதவு உண்டு. படம் எடுத்த கையோடு பெரிய விருந்தாளி ஒருவர் கடல்வழியாக வரப்போகிறார், கதவு துருப்பிடித்திருந்தால் என்ன நினைப்பார் என்று அதைக் கழற்றிக் கரையில் போட்டுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்ட் காயும்வரை வரமாட்டேன் என்று எதிரி எழுதிக் கொடுத்திருந்தான் போலிருக்கிறது.

வந்துவிட்டான். அவனே வரவில்லை, ஆளில்லாத படகுகளை அனுப்பினான். தண்ணீரோடு தண்ணீராக ஒட்டிக்கொண்டு, திறந்த வீட்டில் நுழைவது போல அவை நுழைந்தன. போட்டோக்காரர் கப்பல்வரை கேட்கும்படி ஒலிபெருக்கியில் “சிரிங்க” என்று சொன்ன அதே நொடியில் முதல் வெடி. விருந்தாளிக்கு மரியாதை வேட்டு ஒத்திகை என்று நினைத்து முன்வரிசையில் நின்றவர்கள் இன்னும் கொஞ்சம் அகலமாகச் சிரித்தார்கள். படம் அருமையாக விழுந்தது. கேப்டனின் தொப்பிக்குப் பின்னால், தொப்பியிலேயே செருகிய இறகு மாதிரி, ஒரு நெடிய கரும்புகை.

மற்ற இரண்டுக்கும் பலத்த அடி. மூத்தவளின் வயிற்றிலோ ஓட்டை. தண்ணீர் மளமளவென்று ஏறியது. கப்பல் நின்ற இடத்தில் ஆழம் அதிகம். அங்கேயே போயிருந்தால் அடியோடு போயிருக்கும், போனதோடு மற்ற இரண்டும் வெளியே போகும் வழியையும் அடைத்திருக்கும். தம்பி ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கோடாரியை எடுத்துக் கரையோடு கட்டியிருந்த வடங்களை வெட்டினான். எந்திர அறையில் இருந்த நாலைந்து பேரிடம் ஓடுகிற ஒற்றை எந்திரத்தை முழுமூச்சில் முடுக்கச் சொன்னான். கப்பலைக் கொண்டுபோய் எதிர்க்கரைச் சேற்றுத்திட்டில் நச்சென்று ஏற்றினான். மேல்தளம்வரை தண்ணீர் நிற்க, மூத்தவள் சேற்றில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கூட்டத்தில் இடம் பிடித்துவிட்ட பெரிய மனுஷி மாதிரி. சமையல்காரர் ஒருவரின் கை வெந்ததைத் தவிர ஆட்சேதம் இல்லை. மற்ற ஆட்கள் எல்லாரும்தான் கரையில் சிரித்துக்கொண்டிருந்தார்களே.

புகை அடங்குவதற்குள் தலைநகரிலிருந்து அறிவிப்பு வந்துவிட்டது. தாக்குதல் முறியடிக்கப்பட்டது, கப்பல்களுக்குச் சேதம் எதுவும் இல்லை. மறுநாள், இல்லாத அந்தச் சேதத்தை மதிப்பிட ஒரு குழுவையும் போட்டார்கள். தலைவர் கேப்டன். அவர் கப்பலை அவரை விட யாருக்குத் தெரியும் என்பது காரணம். சேதத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர், துறைமுகத்தின் கப்பல் உடல் மதிப்பீட்டாளர். அதாவது நம் டக்டக் அக்கா.

அக்கா கையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். கப்பலின் இரும்புத் தகட்டை டக்டக் என்று தட்டி, காதை வைத்துக் கேட்பார். கிண் என்றால் நல்ல தகடு, தொப் என்றால் உள்ளே உளுத்துவிட்டது. சுண்ணாம்புக் கட்டியால் நல்லதற்கு வட்டம், கெட்டதற்குப் பெருக்கல் குறி. பழக்கம் எங்கே விடுகிறது? வீட்டுக் கதவு, காய்கறிக் கடையில் பூசணி, பேசவந்தவர்களின் மேசை, எல்லாவற்றையும் விரலால் தட்டிக்கொண்டேதான் பேசுவார். கல்யாணம் பேச வந்த மாப்பிள்ளை ஒருவரின் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அது பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பது நிஜம். அம்மா அப்பா போனபின் தம்பியைப் படிக்கவைத்து, உடுப்பு மாட்டிவிட்டு, இன்றைக்கும் அவன் சாப்பிட்டானா என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவருடைய குடும்பம்.

குழுவில் மூன்றாவது ஆள் தலைநகரிலிருந்து வந்தார். அறிக்கையில் என்ன சொல் வரலாம், எது வரக்கூடாது என்று பார்ப்பது அவர் உத்தியோகம். வந்த அன்றைக்கே அவருக்கு இஸ்திரிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எந்தக் கசங்கலையும் தேய்த்துச் சமமாக்கிவிடுவார் என்பதால்.

கடைக்குட்டியிலிருந்து ஆரம்பித்தார்கள். பக்கவாட்டுத் தகடு முழுவதும் தீயில் கருகிச் சுருண்டிருந்தது. அக்கா தட்டினார். தொப். பெருக்கல் குறி போட்டார்.

“கடும் தீக்காயம். இந்தப் பக்கம் முழுக்க மாத்தணும்” என்றார்.

“தீங்கற சொல் வேண்டாமே மேடம்” என்றார் இஸ்திரிக்காரர். “நிற மாற்றம்னு போடுவோம்.”

“சார், தகடு சுருண்டிருக்கு.”

“வெயில்ல பெயிண்ட் சுருளாதா?”

நடுவுள்ளவளின் பின்பக்கம் அப்பளம் போல நொறுங்கியிருந்தது. அது கரைச்சுவரோடு ஏற்பட்ட உரசல் என்று ஆயிற்று. மூத்தவளைப் பார்க்க முக்குளிப்பவர் ஒருவர் சேற்றுத்திட்டில் இறங்கினார். மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக மூக்கைச் சிந்தினார்.

“எவ்வளவு பெரிய ஓட்டை?” என்று கேட்டார் அக்கா.

“பஸ் விடலாம் மேடம். டபுள் டக்கர்னா கொஞ்சம் குனிஞ்சு போகணும்.”

“விளிம்பு எந்தப் பக்கம் மடிஞ்சிருக்கு?”

“உள்பக்கம். வெளிய இருந்து குத்தியிருக்கான்.”

இஸ்திரிக்காரர் பேனாவை மூடி சட்டைப்பையில் செருகினார். “அவர் சொன்னது எதுவும் என் காதுல விழல. எதிர்பாராத திறப்புன்னு எழுதிக்கறேன்.”

இதுவரைக்கும் அக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. மேலதிகாரிகள் பூசி மெழுகுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் பூத்துப்போயிருந்தது. நான் தட்டுகிறவள்தானே, தட்டிக் கேட்கிறவளா என்பதுதான் இத்தனை வருடமும் அவருடைய கட்சி. இரும்பு என்ன சொன்னதோ அதைத் தன் குறிப்பில் எழுதுவார். அதற்குமேல் தேய்க்கிறவர்கள் தேய்த்துக்கொள்ளட்டும்.

அறிக்கையின் கடைசிப் பக்கம் வந்தபோதுதான் சிரிப்பு அடைத்துக்கொண்டது. மூத்தவள் ஏன் சேற்றில் இருக்கிறாள் என்பதற்கும் காரணம் சொல்ல வேண்டுமே. மூழ்கியது என்று எழுத முடியாது, அறிவிப்பு வந்துவிட்டது. எதிரி அடித்தான் என்றும் எழுத முடியாது, அவனைத்தான் முறியடித்தாகிவிட்டதே. இஸ்திரிக்காரர் யோசித்து யோசித்து இப்படி முடித்திருந்தார்: பணியிலிருந்த இளம் அதிகாரியின் அனுபவமின்மையாலும் பதற்றத்தாலும் கப்பல் தரை தட்டியது.

இளம் அதிகாரி என்றால் வேறு யார்? கப்பலைத் தரை தட்ட விட்டவனுக்குக் கடற்படையில் கிடைப்பது சாதாரணத் திட்டு அல்ல. விசாரணை, உடுப்பைக் கழற்றுதல், ஒருவேளை சிறை. அக்கா கையெழுத்துப் போட்டால் அறிக்கை அப்படியே மேலே போகும்.

அன்று சாயங்காலம் கேப்டன் அக்காவின் வீட்டுக்கு இறங்கிவந்தார். மாடிவீட்டுக்காரர் கீழே வருவது அதிசயம் என்பதால் எதிர்வீட்டில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன.

“நீங்க கவலைப்படாதீங்கம்மா. உங்க தம்பி என் தம்பி மாதிரி” என்றார் நாற்காலி நுனியில் உட்கார்ந்து. “சின்னத் தண்டனையா முடிச்சிடலாம். நான் பாத்துக்கறேன்.”

“எங்க சார் பாத்துக்குவீங்க?” அக்கா மேசையை விரலால் தட்டினார். “அன்னிக்கு அவன் உங்க கப்பலைப் பாத்துக்கிட்டான். நீங்க கேமராவைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

கேப்டன் எழுந்துவிட்டார். “ஆத்திரப்படாதீங்க. நீங்க கையெழுத்துப் போடலைன்னா வேற துறைமுகத்துல இருந்து மதிப்பீட்டாளர் வருவார். அவருக்கு உங்க தம்பி யாரோ எவரோ.”

அவர் போனபிறகு உள்ளறையிலிருந்து தம்பி வந்தான். கன்னத்தில் துணி கட்டியிருந்தான். விசாரணை முடியும்வரை வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. பல் மருத்துவரிடம் போகவும் அனுமதி இல்லை.

“அக்கா, நான் அன்னிக்கி பேசாம இருந்திருக்கலாமோ?”

“இருந்திருந்தா கப்பல் அடில போயிருக்கும்.”

“போயிருந்தா எதிரி மேல போட்டிருப்பாங்க. இப்ப மேல நிக்குது, அதனால என் மேல போடறாங்க.”

அக்கா எழுந்து வந்தார். தம்பியின் வீங்காத கன்னத்தை விரலால் லேசாகத் தட்டினார். “கிண்ணுன்னுதான் இருக்க. போய்க் கஞ்சி குடி.”

அன்றைக்கு அக்காவுக்குப் பள்ளியில் படித்த இலக்கணம் ஞாபகம் வந்ததாகச் சொல்கிறார்கள். தன்வினை, பிறவினை. தானாகச் செய்வது ஒன்று, செய்ய வைப்பது இன்னொன்று. உருண்டான், உருட்டினான். எந்தக் காலத்திலும் உதவாது என்று ஆசிரியை முதுகுக்குப் பின்னால் சிரித்த பாடம்.

மறுநாள் கையெழுத்துப் போடும் கூட்டம். கேப்டனின் அறை. சுவரில் அந்த ஆண்டுப் படம் பெரிதாக்கப்பட்டு, சட்டம் போட்டு, ஆணியில் ஏறியிருந்தது. புகை மட்டும் இன்னும் நீக்கப்படவில்லை. அக்கா பேனாவை எடுத்தார், மறுபடி கீழே வைத்தார்.

“ஒரு சின்ன சந்தேகம் சார்” என்று இஸ்திரிக்காரரைப் பார்த்தார். “நீங்க மொழி படிச்சவர். தரை தட்டியதுன்னா தன்வினை இல்லையா? கப்பல் தானா போய்த் தட்டிச்சுன்னு அர்த்தம் வருதே.”

இஸ்திரிக்காரருக்கு முகம் மலர்ந்தது. அவரிடம் இலக்கணம் கேட்டு எத்தனை வருடமாயிற்றோ. “சரியாச் சொன்னீங்க. தன்வினைதான்.”

“அப்ப மேல உள்ளவங்க கேப்பாங்களே. ஒரு போர்க்கப்பல் தானா அவிழ்த்துக்கிட்டு ஊர் சுத்தப் போச்சா? கேப்டன் அந்த நேரம் எங்க இருந்தார்? கப்பல் தரை தட்டினா முதல்ல கேப்டனைத்தானே கேப்பாங்க.” சொல்லிவிட்டு அக்கா தலையை மெதுவாகத் திருப்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். மற்ற இருவரும் பார்த்தார்கள். நட்டநடுவில் கேப்டன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். தொப்பிக்குப் பின்னால் இறகு.

நிஜக் கேப்டன் சிரிக்கவில்லை. தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமல், திரும்ப வைத்தார்.

“வேற என்ன போடலாம்?” என்றார் இஸ்திரிக்காரர், மேசையை நெருங்கி.

“எனக்கென்ன சார் தெரியும், நான் தகடு தட்டறவ. ஆனா கப்பல் எப்படி இருக்கு? நிமிர்ந்து உக்காந்திருக்கு. இடம் பாத்து உக்கார வச்ச மாதிரி.”

“உட்கார வைத்த…” இஸ்திரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இனிப்பு ஒன்றை நாக்கில் புரட்டுவது போல அந்தச் சொல்லைப் புரட்டினார். “முன்னெச்சரிக்கை நடவடிக்கையாகக் கப்பல் ஆழம் குறைந்த இடத்தில் உட்கார வைக்கப்பட்டது. அடடா! மூழ்கவும் இல்லை, தட்டவும் இல்லை. திட்டம் போட்டுச் செஞ்ச மாதிரி இருக்கு.”

“யார் உக்கார வச்சாங்கன்னு கேட்டா?” என்றார் கேப்டன்.

“செயப்பாட்டு வினை சார். யாருன்னு சொல்ல வேண்டியதே இல்லை. அதுதான் அதோட அழகே.”

 கேப்டனின் கை தானாக மீசைக்குப் போனது. சும்மா கிடக்கிற நாற்காலியைப் பார்த்தால் சிலருக்கு உட்காராமல் இருக்க முடியாது. யாரும் உட்காராத எழுவாயைப் பார்த்தாலும் அப்படித்தான் போலிருக்கிறது.

“திட்டம்னா…” என்று தொண்டையைச் செருமினார். “பொதுவா, திட்டம் போடறது கேப்டன்தானே?”

அக்காவின் விரல் மேசையில் தட்டுவதை நிறுத்தியது. வலைக்குள் மீன் இவ்வளவு வேகமாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. ஆனால் வந்தது, தம்பி செய்ததைத் தனதாக்கிக்கொள்ள வந்த மீன். கோடாரி பிடித்தவன் தம்பி. இல்லை என்று இப்போது ஒரு சொல் சொன்னால் உண்மை நிற்கும், பழைய வாக்கியமும் திரும்ப வந்து நிற்கும். தம்பி விழுவான். அக்கா பேனாவை மறுபடி எடுத்தார்.

“நான் கையெழுத்துப் போடறேன்” என்றார். “இளம் அதிகாரி, அனுபவமின்மை, பதற்றம், அந்த வரி முழுக்கப் போகணும். அவன் பேர்ல ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது.”

“அவரை ஏன் இதுல இழுக்கணும்?” என்றார் கேப்டன் பெருந்தன்மையாக. “அவர் கப்பல்லயே இல்லையே.”

இஸ்திரிக்காரர் பாதி எழுதியவர் நிமிர்ந்தார். “அதுல ஒரு சிக்கல் சார். நீங்க கப்பல்ல இருந்திருந்தா படத்துல எப்படி இருக்க முடியும்?”

கேப்டன் சுவரைப் பார்த்த பார்வையைப் பார்த்தால் கல்லும் கரைந்திருக்கும். ஒரு வாரத்து மீசை அது.

“படத்தை நான் பாத்துக்கறேன்” என்று ஆறுதல் சொன்னார் இஸ்திரிக்காரர். “உங்களை எடுத்துடலாம். நடுவுல ஓட்டையா இருக்கும். கப்பல்ல இல்லாத அந்த இளம் அதிகாரி இருக்காரே, அவர் எங்கயாவது இருந்துதானே ஆகணும்?”

இப்படியாக, இரண்டு வாக்கியங்களில் ஒருவர் கப்பலேறினார், ஒருவன் கரையிறங்கினான்.

அன்றே தம்பிக்குத் தடை நீங்கியது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவன் வாயில் பஞ்சை வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டான்.

“நான் செஞ்சதை நான் செய்யலன்னு ஆயிடுச்சு. அப்படித்தானேக்கா?”

“ஆமா.”

“பரவால்ல. செய்யாததைச் செஞ்சேன்னு ஆகலயே.” பஞ்சைத் துப்பிவிட்டு யோசித்தான். “கோடாரி யார்கிட்ட இருக்கு?”

“கப்பலைக் காப்பாத்தினதுக்குக் கேப்டனுக்குப் பதக்கமாம். கொடுக்கறப்ப பக்கத்துல வச்சுப் படம் எடுக்கணும்னு வாங்கிட்டுப் போயிட்டார்.”

அக்காவுக்கு அன்றுதான் அழுகை வந்தது. தம்பி பசியால்தான் என்று நினைத்துக் கஞ்சியை அவர் பக்கம் தள்ளினான்.

வீக்கம் வடிந்ததும் தம்பியைத் திடலுக்குக் கூட்டிப்போய்க் காலியிடத்தின் அளவுக்குத் தனியாக நிறுத்தினார்கள். அதே போட்டோக்காரர். வெள்ளை உடுப்பு, நேரான தொப்பி, இரு பக்கமும் சமமான கன்னம். இந்த முறை எந்தக் குறையும் சொல்ல முடியாது. போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னால் குனிந்து, வழக்கம்போல, “சிரிங்க” என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் தம்பி சட்டென்று கடல் பக்கம் திரும்பிவிட்டான். எத்தனை தடவை எடுத்தாலும் அதேதான். கடைசியில் அலுத்துப்போய், இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

அந்தப் படம் இப்போது எல்லா அலுவலகங்களிலும் தொங்குகிறது. புகை இல்லை. வானம் துடைத்த மாதிரி நீலமாக இருக்கிறது. எல்லாரும் முன்னால் பார்த்துச் சிரிக்கிறார்கள். நட்டநடுவில் நிற்பவன் மட்டும் துறைமுக வாயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பதக்கம் குத்திய மறுநாள் மொட்டைமாடியில் கேப்டனின் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் மாட்டியிருந்த பழைய படத்தை உத்தரவுப்படி ஒப்படைத்த துக்கம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. பதக்கத்தைக் கூடத்தில் மாட்டினால் யார் கண்ணில் படுகிறது?

“உன் தம்பி படத்துல நல்லாத்தான் விழுந்திருக்கான்” என்றாள் டக்டக் அக்காவைப் பார்த்து, வாயில் கவ்விய கிளிப்போடு. “எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கறான், அதுதான் ஒரு மாதிரி இருக்கு.”

“ஆமாங்க்கா” என்றார் அக்கா, ஈரச் சட்டையை உதறிக்கொண்டே. “உங்க வீட்டுக்காரரும் கப்பல்ல நல்லாத்தான் இருந்தாராம்.”

கிளிப் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் சேற்றில் மூத்தவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதற்கப்பால் துறைமுக வாயில். பதக்க விழாவுக்கு வந்த விருந்தாளி வலைக்கதவின் நிறம் மங்கலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். அதைக் கழற்றிக் கரையில் போட்டு இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள்.